இலைக் கணக்கும் நியூமெரிக்கல் மெத்தட்ஸும்

போன வாரம் நல்ல மழையில் பக்கத்து வீட்டு மாமா குடையும் ஒரு பிளாஸ்டிக் கவருமாக வந்து நின்றார், பின்னாலேயே பையன். கவருக்குள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்திட்டம். "தம்பி, இதுல எது எது வேலைக்கு ஆகும்னு டிக் அடிச்சுக் குடுங்க, மத்ததுல பாஸ் மார்க் வாங்கினாப் போதும்ல?" கோத்தகிரியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் என்பதால் ஜூன் வந்தால் இந்த விசாரணை எனக்கு வழக்கம்தான்.

முதல் பக்கத்தில் படிப்பின் நோக்கங்கள் என்று தலைமைப் பண்பு, சமூகப் பொறுப்பு, உலகத் தரம். தலைப்பை மாற்றினால் விலங்கியலுக்கும் அதையே ஒட்டலாம். அடுத்த பக்கம்தான் விஷயம். 3 வருடம், 6 செமஸ்டர், 140 கிரெடிட், தமிழ், ஆங்கிலம், முக்கியப் பாடங்கள், துணைப்பாடமாகக் கணிதம், சுற்றுச்சூழல், கடைசி செமஸ்டரில் புராஜெக்ட். ஜாவா, பைத்தான் என்ற புரோகிராம் மொழிகளுக்குப் பக்கத்தில் பையன் ஏற்கெனவே பென்சிலால் டிக் போட்டிருந்தான். டிஸ்கிரீட் மேத்ஸ், நியூமெரிக்கல் மெத்தட்ஸ் என்ற இரண்டு கணிதப் பாடங்களுக்கும் கேள்விக்குறி.

எனக்கு என்னவோ அவன் டிக்கையும் கேள்விக்குறியையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறான் என்றுதான் பட்டது. ஜாவாவை யூடியூப் பார்த்து நாலு மாதத்தில் பிடித்துவிடலாம், பிடித்த பிறகு அதுவும் மாறும். கணிதத்தை யாரும் தானாக உட்கார்ந்து படிக்கப் போவதில்லை, கட்டாயப் பாடம் என்பதால்தான் படிக்கிறோம். ஏசிஎம் என்ற கம்ப்யூட்டர் துறையினரின் சங்கம் 1968இல் முதன்முதலாக இந்தப் படிப்புக்குப் பாடத்திட்டம் பரிந்துரைத்தபோதே கணிதம் அதில் இருந்தது, 2023 பரிந்துரையிலும் கணிதமும் புள்ளியியலும் தனிப் பகுதியாகவே இருக்கின்றன. இடையில் எத்தனை புரோகிராம் மொழிகள் வந்து போயின!

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூமெரிக்கல் மெத்தட்ஸில், எண்களை வெட்டிச் சுருக்குவதால் வரும் பிழைகள் பற்றிய பகுதியை இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்து பஸ் கட்டபெட்டு தாண்டுவதற்குள் மறந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த பிறகு அப்பா விற்கும் தேயிலையின் கணக்குக்கு சி மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன், தேதி, எடை, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு, கிலோ விலை, அவ்வளவுதான். தொகை லட்சத்தைத் தாண்டியதும் பைசா உதைத்தது. அப்பா அடுப்படியில் உட்கார்ந்து பழைய கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து, "உன் மிஷினுக்குக் கூட்டத் தெரியலையேடா" என்றார். இரண்டு நாள் மண்டை காய்ந்தது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று போய்க்கொண்டே இருக்குமில்லையா, அதுபோலப் பத்துப் பைசா என்ற 0.1 கம்ப்யூட்டரின் பைனரியில், அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுதும் முறையில், முடியாமல் போய்க்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் ஓர் இடத்தில் வெட்டித்தான் வைத்துக்கொள்ளும். நான் எல்லாவற்றையும் ஃபுளோட்டில், அதாவது இப்படி வெட்டி வைக்கும் தசம எண் வகையில், போட்டிருந்தேன், வெட்டு விழுந்து விழுந்து சேர்ந்துவிட்டது. ரூபாயை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாக வைத்ததும் சரியானது. அந்த இரண்டு மார்க் பதில் இதேதான்.

அப்புறம் புராஜெக்ட். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் போல நானும் லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்தான், கோவை காந்திபுரத்தில் காசு கொடுத்து சிடியும் பைண்டிங்குமாக வாங்கியது. முதல் இன்டர்வியூவில் ஒரே கேள்வி: தகவலைச் சேமிக்கப் புத்தகத்துக்கு ஒரு டேபிள் (அட்டவணை), உறுப்பினருக்கு ஒரு டேபிள் இருக்கும்போது நடுவில் மூன்றாவது எதற்கு? ஒரு புத்தகம் பல பேரிடம் போகும், ஒரு ஆள் பல புத்தகம் எடுப்பார், யார் எதை எப்போது எடுத்தார் என்பதை வேறு எங்கே எழுதுவது? இன்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்று பதில் தெரியாமல் திருதிருவென விழித்தேன். விற்றவனைத் திட்டிப் பயனில்லை, 140 கிரெடிட்டில் நானே என் கையால் செய்ய வேண்டியிருந்த ஒன்றை விலைக்கு வாங்கியது நான்தான்.

அதனால் மாமாவுக்கு டிக் எதுவும் போட்டுத் தரவில்லை. அவரிடம் இலை வாங்கும் மூன்று ஏஜென்ட்டுகளின் சிட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கின்றன, அவற்றுக்குக் கணக்கு புரோகிராம் எழுதுவதுதான் பையனுடைய புராஜெக்ட், கடைசி செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டாம் என்றேன். "லேப்டாப் எவ்வளவு ஆகும் தம்பி?" என்று கேட்டார். முதல் செமஸ்டருக்கு லேப் போதும், ஒரு நீள நோட்டு வாங்கி முதலில் அந்த டேபிள்களுக்குக் கட்டம் போடச் சொல்லுங்கள் என்றேன். பையன் என்னை நம்பியதாகத் தெரியவில்லை.