பி.கே.பானர்ஜி மாதிரி ஒரு கோச் நம்ம பயலுகளுக்கும் வேணும்

ஃபுட்பால்னா மெஸ்சி, ரொனால்டோன்னு நம்ம ஆளுக ராத்திரி தூங்காம பாக்காவ, நல்ல விஷயந்தான். ஆனா பி.கே.பானர்ஜின்னு சொன்னா யாரு அதுன்னு கேக்காவ, அதான் மனசு கேக்க மாட்டேங்கு.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்ல நம்ம டீம் நாலாவது வந்துச்சுல்லா, அதுல ஆடுனவரு. 1960 ரோம்ல கேப்டன், பிரான்ஸ் கூட 1-1 டிரா, நம்ம கோல் இவரு அடிச்சது. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி ஃபைனல்ல தென்கொரியாவ 2-1ன்னு ஜெயிச்சதுலயும் ஒரு கோல் இவருதான் (அன்னைக்கு கோல் கீப்பர் நம்ம தமிழ்க்காரரு பீட்டர் தங்கராஜ், அவரயும் மறந்தாச்சு). இத்தனையும் ஈஸ்டர்ன் ரயில்வே டீம்ல இருந்துக்கிட்டு!

அதுக்குப் பொறவு கோச் ஆனாரு பாருங்க, எனக்கு அதுதான் பெரிய கத. கொல்கத்தால ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான்னு ரெண்டு கிளப்பு, ஜென்மப் பகையாளி மாதிரி. 1975 ஐஎஃப்ஏ ஷீல்டு கோப்பை ஃபைனல்ல ஈஸ்ட் பெங்கால் மோகன் பகான 5-0ன்னு அடிச்சப்ப கோச் இவரு, பொறவு அதே மோகன் பகானுக்கே கோச்சாப் போயி 1977ல பீலே ஆடுன நியூயார்க் காஸ்மாஸ் டீம் கூட 2-2 டிரா பண்ண வச்சாரு. 1997ல அறுபது வயசு தாண்டியும் கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துல லட்சம் பேருக்கு மேல கூட்டத்துக்கு முன்னால ஈஸ்ட் பெங்கால் மோகன் பகான 4-1ன்னு ஜெயிச்சுது, பூட்டியா ஹாட்ரிக், கோச் மறுபடியும் பி.கே. மேட்சுக்கு முன்னால அவரு பயலுகள்ட்ட பேசுற பேச்சுக்கு 'வோக்கல் டானிக்'னே பேரு வச்சிருந்தாவ.

இந்தியா டீம்ல அவருக்குக் கோச் ரஹீம் சாப், அதான் சையது அப்துல் ரஹீம். கேன்சரோட நின்னு 1962ல தங்கம் வாங்கிக் குடுத்துட்டு அடுத்த வருசமே போய்ச் சேந்தாரு மனுசன். வித்த இப்படிக் கைமாறித்தான் வரணும்.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் அது பாதியிலயே நின்னுருது. உவரி கடக்கரைல ஒரு பய வெறுங்காலோட மணல்ல இடது கால்ல பந்த நிறுத்தி ஒரு வெட்டு வெட்டித் திரும்புதான், அவ்வளவு சுத்தம், ஆனா தலய நிமித்திப் பாருலன்னு சொல்ல ஆளில்ல, பந்தயே பாத்துக்கிட்டு ஓடுதான், மூணு பேரு சேந்து மடக்கிருதானுவ. ஸ்கூல்ல பிடி பீரியட மேத்ஸுக்கு எடுத்துக்கிடுதாவ. நல்லா ஆடுன அண்ணன்மாரு ஸ்போர்ட்ஸ் கோட்டால போலீஸ், ரயில்வேன்னு போயிருதாவ, போகட்டும், வீட்ல அடுப்பு எரியணும்லா, ஆனா அவங்க படிச்சத அடுத்தவனுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு வழியும் இல்ல.

பாளையங்கோட்டைல கிரவுண்டு இருக்கு, கடக்கரைல மணல் கெடக்கு, பயலுக இருக்கானுவ. திருவிழா டோர்னமென்ட்டுக்குப் பெரிய பெரிய கப் வாங்கித் தார அண்ணாச்சிமாரே, இந்த வருசம் அந்தத் துட்டுல ஒரு கோச்சுக்கு மாசச் சம்பளம் போட்டுக் குடுங்க.