2000 மடங்கு என்பது தெளிவின் அளவு அன்று

தாமிரபரணி நீரைப் படமெடுக்க 2000 மடங்கு நுண்ணோக்கி வாங்கினால், 1000 மடங்குக் கருவியைவிட இருமடங்கு நுணுக்கம் தெரியும் என்று ஒரு நண்பர் எழுதியிருப்பது சரியன்று. பெரிதாக்குதல் வேறு, பிரித்துக் காட்டுதல் வேறு. பொருளருகு வில்லையின் பக்கத்தில் 40/0.65 என்பது போலப் பொறித்திருப்பார்கள்; அதில் முதல் எண் பெரிதாக்கும் மடங்கு; இரண்டாவது எண்ணே, வில்லை எவ்வளவு அகன்ற ஒளிக்கூம்பை ஏற்கும் என்பதையும், அதன்வழி எவ்வளவு நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் விளக்கிய இந்த எல்லை, எண்ணெய் இட்டுப் பார்க்கும் 100/1.25 வில்லைக்கும் பச்சை ஒளியில் ஏறத்தாழ 0.22 மைக்ரோமீட்டர்தான். அந்த இரண்டாவது எண்ணை 1000-ஆல் பெருக்கினால் வரும் மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் படம் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது.

தாமிரபரணிக் கரையில், குறுக்குத்துறைப் படித்துறைக் கல்லில் பழுப்பாகப் படிந்திருக்கும் வழுக்கலைச் சுரண்டி, ஒரு சொட்டு நீரில் வைத்து நானே பார்த்திருக்கிறேன். படகு வடிவ டயட்டம் (ஒற்றைச் செல் பாசி) ஒன்றின் கண்ணாடி போன்ற ஓட்டில் சீப்புப் பற்களாக ஓடும் கோடுகள், 40 வில்லையும் 10 மடங்குக் கண்ணருகு வில்லையும் சேர்ந்தபோது கூர்மையாகத் தெரிந்தன. அங்கே 25 மடங்குக் கண்ணருகு வில்லையை மாற்றிப் பொருத்தி 1000 மடங்காக்கியதும், அதே கோடுகள் தடித்து மங்கினவே ஒழிய, ஒரு கோடுகூடக் கூடவில்லை. கைப்பேசித் திரையில் விரலால் விரித்துப் பார்ப்பதும் இதே கதைதான்.

ஆகவே, பிள்ளைகளுக்குக் கருவி வாங்குகிறவர்கள், பெட்டியில் அச்சிட்ட மடங்கை விட்டுவிட்டு, வில்லையில் பொறித்த அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குமாறு வேண்டுகிறேன்.