அம்மா போனில் பிள்ளைக்கு 35 வயது

பிள்ளைக்குத் தனி போன் வாங்கித் தரலாமா கூடாதா என்று ஊரெல்லாம் பேச்சு. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளிலும், ஆம்பூர், ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் வீடுகளிலும் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இருப்பது அம்மா போன் ஒன்றுதான். ஹோம்வொர்க் பார்க்க வாங்குகிற பையன் ராத்திரிச் சாப்பாடு வரை அதைக் கீழே வைப்பதில்லை.

அதில் இருக்கும் ஜிமெயில் அம்மாவுடையது. அதனால் யூடியூபுக்கும் பிளே ஸ்டோருக்கும் அந்தப் பையன் 35 வயதுப் பெண். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கென்று வைத்திருக்கும் தடுப்பு எதுவும் அவன் பக்கம் வராது. பாதுகாப்பை இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிளே ஸ்டோரில் மேலே இருக்கும் படத்தைத் தொட்டு செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரன்ட்டல் கன்ட்ரோல்ஸ் என்று போய், பின் நம்பர் வைத்து, வயது வரம்பைத் தேர்ந்தெடுங்கள். காசு கட்டி வாங்கும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றுவதும் அதே செட்டிங்ஸில்தான். போன் லாக்குக்கு வைத்த நம்பரையே இங்கேயும் வைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்தது ஜிபே, போன்பே. மளிகைக் கடையில் அம்மா பின் நம்பர் அழுத்தும்போது பக்கத்தில் நிற்கிற பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. யுபிஐ லைட் போட்டிருந்தால் சின்னத் தொகைக்குப் பின் நம்பர்கூடக் கேட்காது. பிள்ளை கையில் போகிற போனில் அதை நிறுத்திவிடுங்கள். ஃப்ரீ ஃபயர் கேம் விளையாடுகிறவனுக்கு, கேமுக்குள் காசு மாதிரி செலவாகும் டைமண்டை வைத்து "இலவச டைமண்ட்" என்று லிங்க் வரும். உள்ளே போனால் ஃபேஸ்புக் பாஸ்வேர்ட் கேட்கும், பிறகு ஓடிபி கேட்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வருவது ஸ்காலர்ஷிப் போன்கால்: "பணம் ஏற வேண்டுமென்றால் இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணு." பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. இந்த ஒன்றை மட்டும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பைப் போனில் ஏற்றிவிடும் ஃபைலை, யார் அனுப்பியிருந்தாலும் திறக்கக் கூடாது. அனுப்பியவர் போனே திருடன் கையில் இருக்கலாம்.

ஆனால் செட்டிங்ஸ் எல்லாம் பாதி வேலைதான். இன்ஸ்டாகிராமில் பழகிய ஒருவன் படம் வாங்கிக்கொண்டு, "காசு அனுப்பு, இல்லையென்றால் உன் கிளாஸ் குரூப்பில் போடுவேன்" என்று மிரட்டுவான். அவன் நம்பியிருப்பது பிள்ளையின் பயத்தை. வீட்டில் சொன்னால் அடி விழும், போன் போகும், பெண் பிள்ளையென்றால் படிப்பே நிற்கும் என்ற பயம். அதனால் "என்ன நடந்திருந்தாலும் சொல், போனைப் பிடுங்க மாட்டேன், உன்னைத் திட்ட மாட்டேன்" என்று ஒன்றும் நடக்காத ஒரு நாளிலேயே வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். சொன்னபடி நில்லுங்கள்.

அப்படி நடந்துவிட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கொடுத்தால் திரும்பவும் கேட்பான். அவமானமாக இருக்கிறதே என்று சாட் மெசேஜ்களை அழிப்பதுதான் பலரும் முதலில் செய்வது. அழித்தால் சாட்சியே போய்விடும். அவனுடைய யூசர்நேம், மிரட்டல் மெசேஜ், பணம் கேட்ட யுபிஐ ஐடி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிவிடும். குழந்தை உதவிக்கு 1098. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படமென்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் ரேகையை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீட்டை மட்டும் வைத்து, அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் தேடி நீக்கும்.

நம் பிள்ளையே தப்புச் செய்கிற பக்கத்தையும் பேச வேண்டும். கூடப் படிக்கிற பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்து ஆபாசமாக்குவதும், வந்ததை ஃபார்வர்ட் செய்வதும் விளையாட்டல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-யின்படி குற்றம். "நான் எடுக்கல, வந்ததைத்தான் அனுப்பினேன்" என்பது அங்கே செல்லாது.

ஸ்டேஷனுக்குப் போனால் பெயர் கெட்டுவிடும் என்று தயங்குகிறவர்களுக்கு: பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். முடிந்தவரை எஸ்ஐ நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், யூனிஃபார்ம் போட்டிருக்கக் கூடாது. பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ பத்திரிகையில் போடவும் அந்தச் சட்டம் தடை விதிக்கிறது.