கத்தக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு

பெண்பிள்ளையைக் கராத்தே கிளாஸில் சேர்த்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், சொந்தத்தில் யாராவது ஒரு சித்தப்பா "வரப்போற மாப்பிள்ளை பாவம்தான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தும் கொள்வார். பையனைச் சேர்த்தால் "இனிமே யார் மேலயும் கை வெச்சிராதடா" என்பார். கராத்தே என்றாலே அடிதடி என்கிற நினைப்பு. சாயங்காலம் ஆனால் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வெறுங்காலோடு போய் நிற்கிறவள் என்கிற முறையில் சொல்கிறேன், அங்கே அடிதடி சொற்பம். பிள்ளைகளைச் சேருங்கள் என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பதற்குக் காரணம் வேறு.

முதல் காரணம், சத்தம். கட்டா, அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுகளின் கோர்வை, செய்யும்போது குறிப்பிட்ட இடங்களில் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். "கியாய்" என்பார்கள். ஷோட்டோகான் என்கிற கராத்தே பிரிவில் ஆரம்பத்தில் கற்றுத்தரும் ஹெயான் ஷோடான் என்கிற கட்டாவில் 21 அசைவுகள், அதில் இரண்டு இடத்தில் கியாய். கத்தாவிட்டால் பெல்ட் டெஸ்டில் மார்க் போகும்.

புதிதாகச் சேரும் பையன்கள் இதற்காகவே காத்திருந்த மாதிரி கத்துவார்கள். பெண்பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமே! கை சரியாகப் போகும், கால் சரியாகப் போகும், கத்த வேண்டிய இடம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் மாஸ்டர் விடமாட்டார். "கேக்கல. காம்பவுண்டுக்கு அந்தாண்ட டீ குடிக்கிறவரு திரும்பிப் பாக்கணும்" என்பார். மறுபடி. மறுபடி. வீட்டில் "பொம்பளப் புள்ளைக்கு என்ன இவ்வளவு சத்தம்" என்று கேட்டே வளர்ந்த தொண்டை அது, லேசில் திறக்காது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாரக்கணக்கில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் திடீரென்று வந்தது பாருங்கள் ஒரு சத்தம், அவளே ஆடிப்போய் அடுத்த அசைவை மறந்து நின்றாள். டீக்கடைக்காரர் நிஜமாகவே எட்டிப் பார்த்தார்.

தற்காப்பு என்று நீட்டி முழக்குகிறோமே, நடைமுறையில் அதில் பாதி இந்தச் சத்தம்தான் என்பது என் கட்சி. கூட்டமான பஸ்ஸில் மே கெரி என்கிற முன்உதை உதைக்க இடம் ஏது? "கைய எடுய்யா" என்று நாலு பேர் திரும்பும்படி சொல்லத் தெரிந்தால் அங்கே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, காலை அகட்டி ஊன்றி நிற்கத் தெரிய வேண்டும், எதிரில் இருப்பவர் எத்தனை அடி தூரத்தில் இருந்தால் கை எட்டும் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். கத்தி வைத்திருப்பவன் எதிரே வந்தால் ஓடத்தான் வேண்டும், பிளாக் பெல்ட்டாக இருந்தாலும். நல்ல மாஸ்டர்கள் இதை ஒளிக்காமல் சொல்வார்கள். ஜப்பானில் இந்தக் கலையைப் பரப்பிய ஃபுனகோஷி கிச்சின் எழுதி வைத்த இருபது கட்டளைகளில் இரண்டாவதே, கராத்தேயில் முதல் அடி நம்முடையதாக இருக்கக்கூடாது என்பதுதான். ஹெயான் ஷோடானின் முதல் அசைவும் தடுப்பு.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மூன்று மாதம் தற்காப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள். நல்ல விஷயம், குறை சொல்லமாட்டேன். ஆனால் மூன்று மாதத்தில் கூச்சம்தான் போகும், உடம்பில் எதுவும் ஊறாது. அந்த மூன்று மாதம் முடிந்த கையோடு பக்கத்துத் தெரு கிளாஸில் சேர்த்துவிட்டால்தான் அதற்கு அர்த்தம்.

அடுத்தது, வரிசை. கிளாஸ் தொடங்கும்போது பெல்ட் வாரியாகத்தான் நிற்க வேண்டும். அப்பா என்ன வேலை, எந்த ஸ்கூல், இங்கிலீஷ் மீடியமா தமிழ் மீடியமா, எந்தத் தெரு, எதற்கும் அங்கே மதிப்பில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர் மகள் பிரவுன் பெல்ட், முன்வரிசை. காரில் வந்து இறங்கும் பையன் வொயிட் பெல்ட், கடைசி. நாற்பதைத் தாண்டி சேர்ந்த நான் அவனுக்கும் பின்னால். ஏழாம் வகுப்புப் பெண் வந்து "ஆன்ட்டி, முட்டியை இன்னும் மடக்குங்க, பின்னங்கால் நேரா இருக்கட்டும்" என்று என் தோளைப் பிடித்து அழுத்திவிட்டுப் போகிறாள். ஆபீஸில் எனக்குக் கீழே வேலை பார்ப்பவர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பாரோ தெரியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது. வயதும் வசதியும் இப்படிக் கலந்து நிற்கிற இடம் நம்ம ஊரில் வேறு எங்கே மிச்சம் இருக்கிறது? டியூஷனில்கூட மார்க்கைப் பார்த்துத் தனி பேட்ச் போட்டுவிடுகிறார்களே.

"இதெல்லாம் நிஜக் கராத்தே இல்லை, பிள்ளைகளுக்கான டிரில்" என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. வரலாறே அவர்களுக்குப் பதில் சொல்லிவிடும். ஜப்பானின் தெற்கே இருக்கும் ஒகினாவா தீவில் கமுக்கமாகப் பயின்றுகொண்டிருந்ததை 1901 வாக்கில் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் இதோசு அன்கோ. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி அவர் அமைத்த ஐந்து பினான் கட்டாக்களைத்தான் இன்று ஷோட்டோகானில் ஹெயான் என்று செய்கிறோம். அவரிடம் கற்ற ஃபுனகோஷிக்குத் தொழிலே பள்ளி ஆசிரியர் வேலை. 1922-ல் டோக்கியோவில் அவர் செய்து காட்டிய பிறகுதான் ஜப்பான் முழுக்க இது பரவியது. ஆக, மைதானத்தில் வரிசையாக நின்று "இச்சி, நி, சான்" என்று எண்ணிக்கொண்டு குத்தும் பிள்ளைகள் கராத்தேயின் நேர் வாரிசுகள்தான்.

அந்த வரலாற்றில் பெல்ட் எப்போது வந்தது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. பிளாக் பெல்ட்டுக்கான "டான்" என்கிற தரவரிசை ஜூடோவிலிருந்து கடன் வாங்கியது. ஃபுனகோஷி தன் மாணவர்களுக்கு முதன்முதலில் அதைக் கொடுத்தது 1924-ல். அதற்கு முன்பு பெல்ட் நிறம் இல்லாமலே பல தலைமுறை மாஸ்டர்கள் இருந்து போயிருக்கிறார்கள். இங்கே சில இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட், டெஸ்டுக்கு ஒரு ஃபீஸ், சர்டிஃபிகேட்டுக்குத் தனி, போட்டோவுக்குத் தனி. எட்டு வயதுப் பிள்ளை பிளாக் பெல்ட் கட்டிக்கொண்டு வாட்ஸாப் ஸ்டேட்டஸில் நிற்கிறது. முன்னே பின்னே நாலு அசைவு செய்யச் சொன்னால் திணறுகிறது. பிள்ளை மேல் தப்பில்லை, வாங்கிக் கொடுத்தவர்கள் மேல்தான்.

இன்னொன்று, ஆண்டுவிழா கராத்தே. கூரை ஓடுகளை அடுக்கித் தீ வைத்து உடைப்பது, படுத்திருக்கும் பிள்ளையின் கைமேல் பைக் ஏற்றுவது, உலக சாதனை என்று பேனர் கட்டுவது. பார்க்கும்போது விரல் எலும்புகளை நினைத்து எனக்கு அடிவயிறு கலங்கும். வளர்கிற எலும்பு சாமி அது. அந்த வித்தைக்கும் கராத்தேக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அப்படி நிகழ்ச்சி நடத்தும் கிளாஸ் என்று தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நல்ல கிளாஸைக் கண்டுபிடிப்பது பெரிய கஷ்டமில்லை. ஒருநாள் முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். உட்காரவே விடமாட்டேன் என்றால், எந்தக் காரணம் சொன்னாலும் சரி, எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளைகளைக் குச்சியால் அடிக்கிறாரா, வார்ம் அப்புக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார், பெண்பிள்ளைகளின் நிலையைத் திருத்தும்போது எப்படித் திருத்துகிறார், சீனியர் பிள்ளைகள் ஜூனியர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள், இதையெல்லாம் கவனித்தாலே போதும். சுவரில் மாட்டிய கோப்பைகளை எண்ண வேண்டாம்.

ஒலிம்பிக் கனவு இருந்தால் அதையும் கழற்றி வைத்துவிடுங்கள். டோக்கியோவில் 2021-ல் நடந்ததில் மட்டும் கராத்தே இருந்தது, 2024 பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சல்ஸிலும் இல்லை. ஆனால் அந்த ஒரே ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டாவில் தங்கம் வாங்கிய ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39. "இந்த வயசுல போய்" என்று இழுக்கும் என் தோழிகளுக்காகவே இந்தத் தகவலை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

"சிலம்பம் இருக்கும்போது ஜப்பான்காரன் கலை எதற்கு" என்று கமெண்டில் யாராவது வருவீர்கள், தெரியும். தாராளமாகச் சிலம்பம் கற்கட்டும். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எது ஒழுங்காக நடக்கிறதோ அது.

பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மைதானத்து ஓரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஒரு மணி நேரம் எப்படியும் போகப்போகிறது, செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் நின்றுகொள்ளுங்கள். மூட்டுவலி, பிரஷர் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாஸ்டரிடமும் சொல்லிவிடுங்கள், அவர் தாழ்ந்த நிலைகளைக் குறைத்துக் கொடுப்பார். யூனிஃபார்ம் உடனே வாங்க வேண்டியதில்லை, முதல் மாதத்துக்குப் பழைய டிராக் பேண்டும் டீ சர்ட்டும் போதும்.