ரிவேரா கம்யூனிஸ்ட்தான், எனக்கும் தெரியும்

ஞாயித்துக்கிழமை ஓவியம் பத்தின ஜூம் மீட்டிங்ல இருந்தவங்களுக்கு இது எதுக்குன்னு புரியும். மெக்சிகோ ஓவியர் ரிவேராவோட ஆரம்பகால சுவரோவியத்துல மறைஞானத் தாக்கம் இருக்குன்னு ஒரே ஒரு வரி சொன்னேன். "மேடம், அவர் கம்யூனிஸ்ட், மந்திரவாதி இல்ல"ன்னாரு பேச்சாளர், உடனே வரிசையா சிரிப்பு ஸ்மைலி. நல்லா இருங்க.

சரி, நான் உளறினதாவே இருக்கட்டும். டியேகோ ரிவேரா 1926ல ரோசிக்ரூசியன்ங்கற மறைஞான சபையில சேர்ந்தது யார் உளறல்? மெக்சிகோ சிட்டி கிளைக்குப் பேரே கெட்சால்கோவாட்ல், அந்த இறகுப் பாம்பு தெய்வத்தை அவங்களுக்கு வரைஞ்சு குடுத்ததும் இவர்தான். 1954ல கம்யூனிஸ்ட் கட்சியில திரும்பச் சேரப்போனப்ப இதைக் கிளறுனாங்க. வேவு பாக்கத்தான் போனேன்னாரு. அதோட விட்டாரா? அந்த சபையே அடிப்படையில பொருள்முதல்வாதம்தான் (கடவுள், ஆவி இல்ல, பொருள்தான் எல்லாம்ங்கற கொள்கை)னு வக்காலத்து வேற. வேவு பாக்கப் போனவருக்கு அது எதுக்குங்க?

இதுல ரிவேராவை மட்டும் சொல்லி என்ன? மெக்சிகோ புரட்சிக்கப்புறம் ஜனாதிபதியான மதேரோ 1911ல 'பீமா'ங்கற பேர்ல ஆவியுலகக் கையேடு எழுதின ஆளு. ஆமா, நம்ம மகாபாரத பீமன்தான். ஓவியர்களுக்கு சுவரைக் குடுத்த கல்வி அமைச்சர் வாஸ்கொன்செலோஸ் பித்தகோரஸ் பத்தியும் இந்தியத் தத்துவம் பத்தியும் புக்கே போட்டவரு. அந்தக் கல்வி அமைச்சகத்துக்கு நான் போயிருக்கேன், முற்றத்து மூலைகள்ல பிளேட்டோ, கெட்சால்கோவாட்ல், பழங்குடிகளுக்காகப் பேசின ஸ்பானிஷ் பாதிரியார் லாஸ் காசாஸ், கூடவே புத்தர். நான் வாயப் பொளந்து நிக்கறேன், வீட்டுக்காரர் "மெக்சிகோ வந்தும் புத்தரா, வா பசிக்குது"ங்கறாரு. அவரை இழுத்துட்டு சான் இல்டெஃபொன்ஸோங்கற பழைய கல்லூரிக் கட்டடத்துக்குப் போனா அங்க ரிவேராவோட முதல் சுவரோவியம், 'படைப்பு', தலைக்குப் பின்னாடி தங்க ஒளிவட்டத்தோட பெண்கள், நட்சத்திரம், ஆதிசக்தி. இதை வரைஞ்சிட்டு இருந்த 1922லதான் அவர் கட்சியிலயும் சேர்றாரு. ரெண்டும் ஒரே கை! இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?

"அப்போ நீங்க சங்கியா"ன்னு இன்பாக்ஸ்ல ஒருத்தர். நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டர்ல தான் வரைஞ்ச லெனினை அழிக்க மாட்டேன்னு நின்னு, 1934ல ஓவியமே உடைபட்ட மனுஷன்யா அவரு, அதை நான் இல்லன்னனா?

அப்புறமா வரைஞ்சதுல தொழிலாளியும் நிலமும்தானே முன்னாடி வருதுன்னு கேட்டா நியாயமான கேள்வி. ஆனா அதை யாரும் கேக்கலயே, சிரிச்சீங்க. இதையே ஒரு வெளிநாட்டு ப்ரொஃபசர் ஸ்லைடு போட்டு சொல்லியிருந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பீங்க, ஒரு வீட்டம்மா சொன்னா மந்திரவாதி ஜோக்கு. படிக்கறதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணும் போல.

அடுத்த மாசக் கூட்டம் இன்னொரு மெக்சிகோ சுவரோவியர் ஓரோஸ்கோ பத்தியாம். அவரும் நியூயார்க்ல பழைய கிரேக்க ஞானம் பேசற டெல்ஃபிக் வட்டத்தோட உக்காந்துட்டு வந்து காந்தியை சுவர்ல வரைஞ்சவருதான். அதையாவது யாராச்சும் ஆம்பளை சொல்லுங்க, கேப்பாங்க. எனக்கு லிங்க் அனுப்ப வேணாம்.