14,750 ரூபாய் கட்டி வாங்கிய ஓசி ரூம்

போன மாதம் எங்களுக்கு இருபதாவது கல்யாண நாள். பெங்களூரில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். ஸ்டேட்டஸில் போட்டோ பார்த்ததிலிருந்து "கார்டுல ஃப்ரீயாமே, எந்தக் கார்டு?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கார்டு பெயர், பேங்க் பெயர், ஓட்டல் பெயர் எதுவும் வேண்டாம். கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கிருஷ்ணகிரியில் மோட்டார், பைப் கடை வைத்திருப்பவன் நான். நாலு மாதத்துக்கு முன் கிரெடிட் கார்டு வாங்கச் சொல்லி பேங்கிலிருந்து ஒரு தம்பி கடைக்கே வந்தார். வருஷக் கட்டணம் 12,500. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 14,750. நான் முகம் சுளித்ததும், "சார், 12,500 கட்டினா 12,500 பாயிண்ட் திரும்ப வந்துடும். ஓட்டல் புக் பண்ணினா ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய். அப்ப கார்டு சும்மாதானே சார்?" என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். அந்தப் பாயிண்டையே ரொக்கமாகக் கேட்டால் 30 பைசாதான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ரூம் வாடகை 14,000. வாடகை 7,500-ஐத் தாண்டிவிட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அது 2,520. ஆக 16,520. பில்லில் 70 சதவீதம் வரைதான் பாயிண்டில் கழிக்கலாம் என்பது அந்தக் கார்டின் விதி. 11,564 பாயிண்ட் போனது, மீதி 4,956 ரூபாய் கையிலிருந்து. கார்டுக்குக் கட்டிய 14,750-ஐயும் இதோடு சேர்த்தால் 19,706. கார்டே இல்லாமல் நேராகப் போய் முழுக் காசைக் கொடுத்திருந்தால் 3,186 ரூபாய் மிச்சம்.

(கடைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. கடை வேலையாகப் போய்த் தங்கினாலும் அந்த 2,520-ஐ இன்புட்டில், அதாவது கடைக்கு நாம் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்து, எடுக்கலாம் என்று கனவு காணாதீர்கள். பெங்களூர் ஓட்டல் பில்லில் வருவது கர்நாடகா ஜிஎஸ்டி. நம்ம தமிழ்நாட்டு ஜிஎஸ்டி நம்பருக்கு அது கழியாது.)

"சலுகையெல்லாம் இருக்கே, அதைச் சேர்க்க மாட்டியா?" என்பீர்கள். சேர்க்கிறேன். இரண்டு பேருக்குக் காலை டிபன் இலவசம். பேங்க் நோட்டீஸில் அதற்கு 3,000 ரூபாய் மதிப்பு போட்டிருந்தார்கள். நான் அந்த ஓட்டலின் சொந்த வெப்சைட்டில் பார்த்தேன். டிபனோடு ஒரு ரேட், டிபன் இல்லாமல் ஒரு ரேட். வித்தியாசம் 1,100 ரூபாய். அந்த 1,100-க்கு என் மனைவி சாப்பிட்டது இரண்டு இட்லி, கொஞ்சம் பப்பாளி. சாம்பார் இனிக்கிறது என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டாள். பெரிய ரூமுக்கு மாற்றித் தருவோம் என்பது இன்னொரு சலுகை, ‘காலி இருந்தால்’ என்ற பொடி எழுத்தோடு. அன்று ஒரு கல்யாண பார்ட்டி மொத்தமாக எடுத்திருந்தது. "சாரி சார், இன்னிக்கு ஃபுல்" என்று ரிசப்ஷனில் சிரித்துக்கொண்டே சொல்லி ஆளுக்கொரு கிளாஸ் நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். சர்பத் நன்றாக இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் நாலு மணி வரை ரூமில் இருக்கலாம் என்பதும் சலுகைதான். ஆனால் நாலு மணிக்குக் கிளம்பினால் சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டி ஓசூர் வரவே இருட்டிவிடும். பன்னிரண்டுக்கே கிளம்பிவிட்டோம்.

வரும் வழியில் காரில் அவள்தான் கேட்டாள். "ஏங்க, இந்தக் கார்டு இல்லைன்னா நாம எங்க தங்கியிருப்போம்?"

வழக்கமாகத் தங்கும் இடம்தான். வாடகை 3,500, அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், மொத்தம் 3,675. பெரிய ஓட்டலில் கட்டிய வரியே அந்த வாடகையில் முக்கால்வாசி.

என் கோபம் பேங்க் மேல் இல்லை, என் மேல்தான். ஏனென்றால் இது நான் தினமும் கடையில் செய்யும் வேலை. மோட்டார் பெட்டியில் எம்ஆர்பி 18,000 என்று இருக்கும். விற்பது 12,500-க்கு. வாங்குகிறவர் 5,500 மிச்சம் என்று வீட்டில் போய்ச் சொல்வார். அந்த 18,000-க்கு அந்த மோட்டாரை எந்த ஊரிலும் எவரும் வாங்கியதில்லை என்பது எனக்குத் தெரியும். 14,000 ரூபாய் ரூமுக்கும் எனக்கும் உள்ள உறவு அதுதான். நான் ஒருநாளும் கொடுக்கப் போகாத விலை. அதில் எவ்வளவு கழித்தால்தான் எனக்கென்ன லாபம்?

அடுத்து வருஷக் கட்டணத் தள்ளுபடி. வருஷத்துக்கு 10 லட்சம் செலவு செய்தால் அடுத்த வருஷக் கட்டணம் கிடையாது. கடைச் சரக்கைக் கார்டில் எடுத்தால் 10 லட்சம் பெரிய விஷயமா என்று பைப் டீலருக்குப் போன் போட்டேன். "தாராளமா தேய்ங்க. ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா" என்றார். 10 லட்சத்துக்கு 20,000. 14,750-ஐ மிச்சம் பிடிக்க 20,000! சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம். 150 ரூபாய்க்கு 5 பாயிண்ட் வீதம் 33,000 பாயிண்ட் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ரொக்கமாக மாற்றினால் 10,000 தேறாது. முழு மதிப்பு வேண்டுமென்றால் திரும்பவும் பெரிய ஓட்டலுக்கே போக வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகனும் இதே புலம்பல்தான். அங்கே அமெக்ஸ் பிளாட்டினம் என்ற கார்டின் வருஷக் கட்டணத்தை 2025-இல் 695 டாலரிலிருந்து 895 ஆக்கினார்கள். கூடவே வருஷத்துக்கு 600 டாலர் ஓட்டல் கிரெடிட், அதாவது ஓட்டலுக்குக் கட்டியதில் அவ்வளவு திரும்ப வரும். ஆனால் அது அரை வருஷத்துக்கு 300 என்று இரண்டு துண்டு. ஜூன் முடிவதற்குள் முதல் துண்டை எடுக்காவிட்டால் போச்சு. லீவு கிடைக்கிறதோ இல்லையோ, ஜூன் கடைசியில் ஒரு ஓட்டலைத் தேடி ஓடுகிறான். அவனுக்கு 300 மிச்சமா, இல்லை தேவையில்லாத ஒரு பயணம் செலவா என்று கேட்டால் "மாமா, அப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது" என்கிறான்.

இதில் லாபம் பார்க்கும் ஆளே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் மச்சான் கிரானைட் ஏற்றுமதி. மார்ச்சில் சீனாவின் சியாமென் கல் கண்காட்சி, செப்டம்பரில் இத்தாலி வெரோனா. கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடிக்கையாளர் தங்கும் ஓட்டலில்தான் அவன் தங்கியாக வேண்டும். சாதாரணக் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் பில்லுக்கு மேல் 3.5 சதவீதம் வரை மார்க்கப் என்று கூடுதல் கட்டணம் போடுகிறார்கள். அவன் கார்டில் 2 சதவீதம். இரண்டு லட்சம் பில்லில் அதிலேயே 3,000 ரூபாய் நிற்கிறது. ராத்திரி ஃபிளைட்டுக்கு நாலு மணி செக்அவுட் அவனுக்கு வரப்பிரசாதம். கெடு தேதிக்கு முன் முழுத் தொகையையும் கட்டிவிடுவான். தவணை விட்டு இழுத்தால் பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல். அதில் எந்த டிபனும் மிஞ்சாது.

எனக்கு வெரோனா இல்லை. காவேரிப்பட்டணமும் பர்கூரும்தான்.

அடுத்த வருஷக் கட்டணம் விழுவதற்குள் கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். 936 பாயிண்ட் மிச்சம் இருந்தது. ரொக்கமாக மாற்றினால் 280 ரூபாய் சொச்சம். பெங்களூர் போன டோலுக்காவது ஆகட்டும் என்று மாற்றச் சொன்னால், மாற்றுவதற்கும் ஒரு கட்டணம் உண்டாம்.