சம்பவ இடத்துக்கு ஒரு நோட்டு வையுங்க சார்

"மோப்ப நாய் சிறிது தூரம் ஓடிச்சென்று நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை" என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாய் மேல் பரிதாபம்தான் வரும். அது வண்டியை விட்டு இறங்குவதற்குள் பாதி ஊர் அந்த இடத்தை மிதித்து முடித்திருக்கும். வார்டு உறுப்பினர், ஊர்ப் பெரியவர்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்த இளவட்டங்கள், பக்கத்துத் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர்கள், எல்லோர் வாடையும் அங்கேதான் கிடக்கும். அது யாரைப் போய்க் கவ்வும்?

பாலக்கோடு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு போக, போலீஸ் கூப்பிட்டால் சம்பவ இடத்துக்கும் போய்ப் படம் எடுத்துக் கொடுப்பேன். அப்புறம் எப்போதோ சம்மன் வரும். கோர்ட்டில் ஏறி, படங்களை எடுத்தது நான்தான் என்று சொல்லி, படங்களோடு கொடுத்த சான்றிதழில் போட்டது என் கையெழுத்துதான் என்றும் ஒத்துக்கொண்டு வர வேண்டும். நான் போலீஸ் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் பார்த்ததை, எடுத்ததை சாட்சிகள் முன்னால் எழுதும் குறிப்பு) எழுதுகிற இடத்தில் பக்கத்திலேயே நிற்கிறவன் என்பதால் இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் போய்ச் சேரும் போலீஸ்காரர் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் தடயமாவது மண்ணாவது, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இல்லை என்றால் கயிறு கட்டி, போக வர ஒரே ஒரு வழியை மட்டும் விட்டு, ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடாமல் எல்லோரையும் வெளியே நிறுத்த வேண்டும். முதலில் தூரத்திலிருந்து, அப்புறம் நடுத்தரமாக, கடைசியில் பக்கத்தில் அளவுகோல் வைத்து என்று படமெல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் ஒரு பொருளில் கை வைக்க வேண்டும்.

எடுப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும், டிஎன்ஏ சிதைந்துவிடும். நிழலில் உலர்த்தி காகிதப் பையில் போட வேண்டும். ரத்தக்கறை படிந்த மண் எடுத்தால் கொஞ்சம் தள்ளி கறை படியாத மண்ணும் எடுக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. (மகஜரில் "ரத்தக்கறை உள்ள சிமெண்ட் பெயர்ப்பு, ரத்தக்கறை இல்லாத சிமெண்ட் பெயர்ப்பு" என்று இரண்டு வரி வருவது இதற்காகத்தான்.) தூக்கு என்றால் முடிச்சை அவிழ்க்காமல், முடிச்சு இல்லாத இடத்தில் கயிற்றை அறுக்க வேண்டும். முடிச்சு போட்ட விதமே ஒரு சாட்சி. பூச்சிமருந்து என்றால் பாட்டில், டம்ளர், வாந்தி எல்லாமே வேண்டும். நம் வீடுகளில் முதல் வேலையாக வாந்தியைக் கழுவித் தள்ளிவிடுகிறோம். துக்கத்தில் இருக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆனால் சுற்றி நிற்கிற பத்துப் பேரில் ஒருவர் "இருக்கட்டும், தொடாதீங்க" என்று சொல்லலாம் இல்லையா?

தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் காலடியோ சிறுத்தைக் காலடியோ தெரிந்து, வனக்காவலர் வந்து "மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டால் அத்தனை பேரும் வரப்போரம் ஒதுங்கி நிற்கிறார்கள். மனிதன் செத்த இடத்தில் மட்டும் நமக்கு அந்தப் புத்தி வருவதில்லை.

சரி, அந்த முதல் போலீஸ்காரர் ஏன் தடுப்பதில்லை? பெரும்பாலும் அவர் ஒரு கான்ஸ்டபிள், தனி ஆள், கையில் கயிறுகூட இருக்காது. கட்சிக்காரரைத் தடுத்தால் ஸ்டேஷனுக்கு போன் போகும். இதைவிடக் கொடுமை, அவர் மேலதிகாரிகளே பின்னால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நேராக உள்ளே நடப்பார்கள், அவர்களிடம் "ஐயா, அந்த ஓரமா வாங்க" என்று எந்தக் கான்ஸ்டபிள் சொல்வார்? வழக்குக்கு மிக முக்கியமான முதல் ஒரு மணி நேரம் முழுக்க, அங்கே இருப்பதிலேயே அதிகாரம் குறைந்த ஆளின் கையில் இருக்கிறது. என்னைக் கேட்டால் கோளாறு அங்கேதான்.

என் யோசனை ஒன்றே ஒன்றுதான். கயிற்றுக்கு வெளியே ஒரு நோட்டு. உள்ளே போகும் ஒவ்வொருவரும் பெயர், வந்த நேரம், எதற்கு வந்தார், எதைத் தொட்டார், வெளியே போன நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பல வெளிநாடுகளில் போலீஸுக்கு இது பாலபாடம். அங்கே கிடைக்கும் கைரேகைகளில் வந்து போனவர்கள் யார், வெளியாள் யார் என்று பிரித்தெடுக்க இந்தப் பட்டியல் இருந்தால்தான் முடியும். நம் ஊரில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. கையெழுத்துப் போட்டால் நாளைக்கு சாட்சியாகக் கோர்ட் படி ஏற வேண்டும் என்று தெரிந்தால், எட்டிப் பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர்களாகவே கிளம்பிவிடுவார்கள். லத்தியே தேவைப்படாது.

புதுச் சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவுப்படி, சோதனை போடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்தாக வேண்டும். 176(3)-ன்படி 7 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் நேரில் வந்து ஆதாரம் சேகரிக்க வேண்டும், இதை அமலுக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 வருஷம் அவகாசம். நல்ல சட்டம்தான், நான் வரவேற்கிறேன். ஆனால் கேமரா ஓட ஆரம்பிப்பது பொருளை எடுக்கும்போது. அதற்குள் ஊரே மிதித்த இடத்தை எவ்வளவு துல்லியமாக வீடியோ எடுத்து என்ன பயன்?

இடம் கெட்டுப்போனால் அடுத்து என்ன நடக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. தடயம் இல்லை என்றால் வழக்கு முழுக்க வாக்குமூலத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பிடிபட்டவர் முட்புதரைக் காட்டுவார், அங்கே கத்தி இருக்கும், விஏஓவும் தலையாரியும் மகஜரில் கையெழுத்துப் போடுவார்கள், குறுக்கு விசாரணையில் அது ஆட்டம் காணும். அந்த வாக்குமூலத்தை வாங்க ஸ்டேஷனுக்குள் என்னென்ன நடக்கும் என்று இந்தத் தமிழ்நாட்டில் நான் விளக்க வேண்டியதில்லை. லாக்கப் அடிக்கும் கயிறு கட்டாத சம்பவ இடத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

2008 நொய்டா இரட்டைக் கொலை ஞாபகம் இருக்கும், சிறுமி ஆருஷியும் வீட்டு வேலையாள் ஹேம்ராஜும் கொல்லப்பட்ட வழக்கு. வீட்டுக்குள் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போய் வந்தார்கள், அதே வீட்டு மொட்டை மாடியில் கிடந்த இரண்டாவது உடலை மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆருஷியின் பெற்றோரை விடுதலை செய்தது. மறுபக்கம் 2015-ல் பள்ளிபாளையம் ரயில் பாதையில் கிடைத்த இளைஞர் கோகுல்ராஜின் உடல். முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் வழக்கு நின்றதற்குத் திருச்செங்கோடு கோயில் சிசிடிவி பதிவு பெரிய காரணம், மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே நேரில் போய் இடத்தைப் பார்த்தார்கள். கேமராவில் பழைய பதிவு மேல் புதியது தானாக ஏறிவிடும். ஹார்ட் டிஸ்க்கை நேரத்தில் எடுக்கவில்லை என்றால் அந்த வழக்கு என்ன ஆகியிருக்கும்? நம் தருமபுரியிலேயே 2013-ல் ரயில் பாதை ஓரம் கிடந்த இளவரசனின் உடலுக்கு மறு பிரேதப் பரிசோதனை செய்ய டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வரவேண்டியிருந்தது. முதலில் எழுதியதை ஜனங்கள் நம்பவில்லை என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது.

"டிஎஸ்பி வந்தால் அவரும் நோட்டில் எழுதணுமா?" என்று ஒரு ஏட்டு அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார். ஆமாம் அண்ணா, அவர்தான் முதலில் எழுதணும். அவர் எழுதிவிட்டால் கவுன்சிலர் எழுத மாட்டேன் என்று சொல்ல முடியாது.